இரண்டு ஏக்கர் வாழையை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா? லைசென்ஸுக்கு முன்னால் பார்க்க வேண்டிய கணக்குகள்

கேள்வி இதுதான்: தேனி மாவட்டத்தில் இரண்டு ஏக்கரில் சொட்டுநீர் போட்டு ஜி-9 (கிராண்ட் நைன் ரகம்) வாழை வைத்திருக்கிறார் ஒரு விவசாயி. உள்ளூர் வியாபாரி சொல்வதே விலையாக இருக்கிறது. ஐஇசி (ஏற்றுமதி, இறக்குமதி செய்வோருக்கு அரசு தரும் எண்) எடுத்து நேரடியாகத் துபாய்க்கு அனுப்ப முடியுமா, சிறு விவசாயிக்கு அந்தச் சந்தை எட்டுமா என்று கேட்கிறார்.

சட்டப்படி தடை எதுவும் இல்லை. ஐஇசி எண்ணுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் பான், வங்கிக் கணக்கு, முகவரிச் சான்று கொடுத்தால் கிடைத்துவிடும். இந்த எண்ணை வாங்கித் தருவதையே பெரிய வித்தையாகக் காட்டி ஆயிரக்கணக்கில் வசூலிக்கும் பயிற்சி வகுப்புகள் இருக்கின்றன. அந்தப் பணத்தைக் காயில் தங்கும் மருந்தைக் கண்டறியும் எச்ச நஞ்சுப் பரிசோதனைக்குக் கொடுங்கள், அது உதவும். எண் கையில் வந்த பிறகும் உங்கள் காய் தோட்டத்திலேயேதான் நிற்கும். ஏன் என்பதற்கு ஒரு கண்டெய்னர் கணக்கு போட்டாலே போதும்.

நாற்பதடி ரீஃபர் (குளிர்சாதன) கண்டெய்னரில் 13 கிலோ அட்டைப்பெட்டி 1,540 அடுக்குவார்கள். அது 20 டன். ஆறடிக்கு ஆறடி நட்டால் ஏக்கருக்கு 1,210 மரம். அதில் 1,100 மரம் நல்ல தார் தருவதாகவும், தார் 25 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம்: 27.5 டன். தண்டு பத்தில் ஒரு பங்கு போனால் சீப்பாக 24.75 டன். அதில் முக்கால் பங்கு ஏற்றுமதித் தரம் தேறினால் பதினெட்டரை டன். அதாவது நன்றாக விளைந்த ஒரு ஏக்கர் முழுவதையும் ஒரே நாளில் வெட்டினாலும் ஒரு கண்டெய்னர் நிரம்பாது. ஒரே நாளில் வெட்டவும் முடியாது. திசு வளர்ப்புக் கன்றே ஆனாலும் தார் தள்ளுவது ஐந்தாறு வாரத்துக்குப் பரவி நிற்கும். ஒரு வாரத்தில் தோட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் சரியான முதிர்ச்சியில் இருக்கும். ஆக, ஒரே பதினைந்து நாளுக்குள் நட்ட ஐந்தாறு ஏக்கர் சேர்ந்தால்தான் ஒரு வாரத்தில் ஒரு கண்டெய்னர் நிரம்பும்.

இன்னும் ஒரு படி மேலே போங்கள். வளைகுடாவில் இறக்குமதி செய்பவர் ஒரே ஒரு கண்டெய்னருக்காக உங்களோடு உறவு வைக்க மாட்டார். வாரா வாரம் வேண்டும் என்பார். வருடம் 52 கண்டெய்னர் என்றால் 1,040 டன், மேலே சொன்ன கணக்கில் சுமார் 56 ஏக்கர். காற்றில் சாய்வதற்கும் நோய்க்கும் கொஞ்சம் விட்டு 60 முதல் 65 ஏக்கர் என்று வையுங்கள். இரண்டு ஏக்கர்க்காரர்கள் முப்பது பேருக்குமேல் தேவை. அவர்கள் எல்லோரும் ஒரே மாதத்தில் நடக்கூடாது, மாதத்துக்கு ஐந்தாறு ஏக்கர் என்று முறை வைத்து நட வேண்டும். சிறு விவசாயிக்கு உலகச் சந்தையின் வாசல் இந்த நடவு அட்டவணைதான். பெரிய பண்ணைக்காரர் தன் நிலத்துக்குள்ளேயே இதைச் செய்துவிடுவார். நீங்கள் பக்கத்துத் தோட்டக்காரரோடு பேசித்தான் செய்ய முடியும்.

இதில் கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆனியிலும் ஆடியிலும் காற்று பேயாக அடிக்கும். அந்த நேரத்தில் கனத்த தாரோடு நிற்கும் மரங்களுக்கு முட்டுக் கொடுப்பதோ பட்டைக் கயிறு கட்டுவதோ கூடுதல் செலவு. எந்த மாதத்தில் யார் நடுவது என்று முடிவு செய்யும்போது, காற்று மாதத்தில் அறுவடை வரும் தவணையைக் காற்று மறைப்பு உள்ள தோட்டங்களுக்குக் கொடுங்கள். எல்லாரும் நல்ல மாதத்தையே கேட்டால் அட்டவணை முதல் ஆண்டிலேயே உடைந்துவிடும்.

அடுத்து தரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி வாழைக்காய்க்கு வேண்டிய குறைந்தபட்ச நீளம் 14 சென்டிமீட்டர், பருமன் 27 மில்லிமீட்டர். ஜி-9ல் இது சுலபம். வாங்குபவர் கேட்பது இதைவிட அதிகம்: பெரும்பாலும் 18 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், தோலில் கீறல், பால் கறை, பூச்சித் தழும்பு இல்லாமை, ஒரு பெட்டிக்குள் ஒரே அளவுச் சீப்பு. இந்தத் தரம் பேக்கிங் கூடத்தில் உருவாவதில்லை. தார் தள்ளிய முதல் இரண்டு வாரத்தில் நீங்கள் தோட்டத்தில் செய்வதுதான் மூன்று மாதம் கழித்துப் பெட்டியில் தெரியும்.

கடைசிச் சீப்பு விரிந்ததும் பூவை ஒடிக்க வேண்டும், தாமதித்தால் சத்து வீணாகும். அடியில் உள்ள ஒல்லிச் சீப்புகளை இரக்கம் பார்க்காமல் எடுத்துவிட்டு எட்டு முதல் பத்துச் சீப்பு மட்டும் விடுங்கள். உள்ளூர் வியாபாரிக்கு எடைதான் முக்கியம், அதனால் நம் கை ஒரு சீப்பையும் எடுக்கத் துணியாது. ஆனால் ஏற்றுமதியில் அந்தக் கடைசி இரண்டு சீப்பு கழிவாகத்தான் போகும், போகும்போது மேலே உள்ளவற்றின் பருமனையும் குறைத்துவிட்டுப் போகும். காய் நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பூவை அப்போதே கிள்ளி எடுத்துவிட்டால் நுனி அழுகலும் உரசல் கீறலும் குறையும். பிறகு தார் உறை. எல்லாச் சீப்பும் விரிந்த கையோடு போட்டால்தான் இலைப்பேனும் தோல் சுரண்டும் வண்டும் தழும்பு போடுவதற்கு முந்திக்கொள்ளலாம். இருபது நாள் கழித்துப் போட்டால் உறைக்குள் தழும்புள்ள காயைத்தான் பாதுகாப்பீர்கள்.

உறை போடும்போதே வண்ண நாடா கட்டுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு நிறம், குழுவில் எல்லோருக்கும் அதே நிறம். முதல் வாரம் சிவப்பு, அடுத்த வாரம் நீலம் என்று போனால், அறுவடை நாளில் எந்தத் தோட்டத்தில் எத்தனை தார் வெட்டத் தயார் என்பது நாடாவை எண்ணினாலே தெரியும். வளைகுடாவுக்கு 75 முதல் 80 சதவீத முதிர்ச்சியில் வெட்ட வேண்டும். நம் வட்டாரத்தில் தார் தள்ளியதிலிருந்து தோராயமாக 90 முதல் 100 நாள், குளிர் மாதங்களில் இன்னும் சில நாள் கூடும். நாடாவைப் பார்த்துத் தாரைத் தேர்ந்து, காலிப்பர் வைத்து நடுக்காயின் பருமனை அளந்து உறுதி செய்ய வேண்டும். கண்ணளவில் வெட்டுபவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் நூற்றுக்கு ஐந்து தாரை முதிரவிட்டு வெட்டிவிடுவார். அந்த ஐந்துதான் கண்டெய்னரைக் கெடுக்கும். முதிர்ந்த காய் வழியில் பழுக்கத் தொடங்கினால் எத்திலீன் வாயுவை விடும், அது சுற்றியிருக்கும் பச்சைக் காயையும் பழுக்க வைக்கும். மூடிய பெட்டிக்குள் இது தொற்றுநோய் மாதிரி. கதவைத் திறக்கும்போது பாதி மஞ்சள், பாதி பச்சை என்று இருந்தால் இறக்குமதியாளர் விலையைப் பாதியாக்குவார், அதை மறுத்துப் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

வெட்டிய தார் மண்ணைத் தொடக்கூடாது. ஒருவர் வெட்ட, இன்னொருவர் தோளில் ஃபோம் மெத்தை வைத்துத் தாங்க வேண்டும். டிராக்டரில் தார்மேல் தார் அடுக்கி வந்தால், அன்று ஒன்றும் தெரியாது; பழுக்கும்போது கறுப்புத் தடமாகத் தெரியும். சீப்பு வெட்டியதும் பால் வடியவிட்டுப் படிகாரம் கலந்த தண்ணீரில் கழுவுவார்கள். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, தொட்டித் தண்ணீரை நாள் முழுவதும் மாற்றாமல் வைப்பது. காலையில் கழுவிய சீப்பு நன்றாகப் போய்ச் சேரும், மாலையில் கழுவியதற்குச் சீப்பு அடி அழுகும். சேதம் எந்தப் பெட்டியில் என்று பார்த்தால், எந்த நேரத்தில் பேக் செய்தது என்பதோடு பொருந்தும். பெட்டியில் நேரத்தையும் விவசாயியின் குறியீட்டு எண்ணையும் அச்சிடச் சொல்வது இதனால்தான். வழியில் எடை கொஞ்சம் குறையும் என்பதால் 13 கிலோவுக்கு மேல் 200, 300 கிராம் வைப்பது வழக்கம். அதற்கு மேல் திணித்தால் மேல்பெட்டியின் பாரம் அட்டையில் இறங்காமல் காயில் இறங்கும்.

குளிர்ச்சி பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரீஃபர் கண்டெய்னர் குளிர்ந்த காயைக் குளிராக வைத்திருக்கும் கருவி. வெயிலில் சூடேறிய 20 டன் காயைக் குளிர வைக்க அதனால் ஆகாது. வெட்டிய சில மணி நேரத்துக்குள் முன்குளிர் அறையில் வைத்து, காயின் உள்சதை வெப்பம் 13 அல்லது 14 டிகிரிக்கு வந்த பிறகே ஏற்ற வேண்டும். கண்டெய்னர் 13 முதல் 13.5 டிகிரியில் ஓட வேண்டும். 12க்குக் கீழே போனால் தோலுக்கு அடியில் பழுப்புக் கோடு விழுந்து, பழுத்தாலும் மஞ்சள் மங்கலாகத்தான் வரும். தேனியிலிருந்து தூத்துக்குடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அந்த வழி முழுக்க ஜெனரேட்டர் ஓடியதா என்பதைச் சொல்லச் சாட்சி வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் வெப்பநிலைப் பதிவுக் கருவியை ஒவ்வொரு கண்டெய்னரிலும் போடுங்கள். தூத்துக்குடியில் ஏறும் பெட்டிகள் பல, சிறு கப்பலில் கொழும்புக்குப் போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். மாறும் கப்பல் தவறினால் காய் கொழும்பு முனையத்தில் காத்துக் கிடக்கும். பயண நாளை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணுங்கள். ஐரோப்பாவுக்கு இது இன்னும் கடினம். செங்கடல் தாக்குதல்கள் தொடங்கிய 2023 கடைசியிலிருந்து கப்பல்கள் தென்னாப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் பத்து நாளுக்கு மேல் கூடிப்போனது. புதிதாகத் தொடங்கும் குழு முதலில் வளைகுடாவைத்தான் பார்க்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது லேபிளை நம்பி. மருந்துப் புட்டியில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாள் இந்தியா அனுமதிக்கும் எச்ச அளவுக்கானது. வாங்கும் நாட்டின் அளவு வேறு. தண்டுக் கூன்வண்டுக்கு நாம் சாதாரணமாக ஊற்றும் குளோர்பைரிபாஸின் எச்ச வரம்பை ஐரோப்பிய ஒன்றியம் 2020ல் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவுக்கு இறக்கிவிட்டது. கருவியில் தெரிந்தாலே தோல்வி என்று பொருள். இதன் பாடத்தை 2010ல் நாசிக் திராட்சை விவசாயிகள் கடுமையாகப் படித்தார்கள். ஐரோப்பாவுக்குப் போன திராட்சையில் குளோர்மெக்வாட் குளோரைடு என்ற வளர்ச்சி ஒடுக்கியின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டுச் சரக்கு தேங்கியது. இங்கே திராட்சைக்குப் பண்ணைவாரிப் பதிவும் பரிசோதனையும் 2006 முதலே கிரேப்நெட் என்ற பெயரில் நடந்து வந்தது. ஆனால் அந்தப் பொருள் பரிசோதனைப் பட்டியலில் இல்லை. ஆகவே பரிசோதனைக் கூடத்திடம் ‘எக்ஸ்போர்ட் டெஸ்ட்’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வாங்குபவர் எந்தெந்தப் பொருளை, எந்த அளவுக்குப் பார்க்கிறார் என்ற பட்டியலை வாங்கி, அதையே நடவுக்கு முன் குழுவில் எல்லோருக்கும் கொடுங்கள். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு என்ஏபிஎல் (ஆய்வுக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள கூடத்தில் மாதிரி கொடுங்கள். குழுவில் ஒருவர் அடித்த தவறான மருந்தால் முப்பது பேர் சரக்கும் திரும்பும். இதை முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும்.

வாங்குபவர் குளோபல்கேப் (நல்ல வேளாண் முறைக்கான பன்னாட்டுச் சான்று) கேட்டால், தனித்தனியாக எடுக்க வேண்டாம். குழுவாக எடுக்கும் முறை அதில் இருக்கிறது. உள்ளே ஒரு தர நிர்வாக அமைப்பு வைத்து, எல்லா உறுப்பினர் தோட்டத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது குழுவே ஆய்வு செய்ய வேண்டும். வெளியிலிருந்து வரும் தணிக்கையாளர் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூல அளவுக்குத் தோட்டங்களைப் பார்ப்பார். முப்பது பேர் என்றால் ஆறு. செலவு முப்பதாகப் பிரியும். ஆனால் மருந்துக் குறிப்பேட்டை அன்றன்று எழுதாமல் தணிக்கைக்கு முதல் நாள் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதினால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். நிறையக் குழுக்கள் தோற்பது இந்த இடத்தில்.

இப்போது விலை. கிலோவுக்கு ‘உள்ளூரில் 15, ஏற்றுமதிக்கு 20’ என்று கேட்டால் ஐந்து ரூபாய் லாபம் போலத் தோன்றும். உதாரணத்துக்கு நூறு கிலோ தாரை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வியாபாரி தண்டோடு எடை போட்டால் 1,500 ரூபாய். ஏற்றுமதிக்காரர் சீப்பாக எடை போடுவார்: 90 கிலோ. அதில் முக்கால் பங்கு, 67.5 கிலோ, 20 ரூபாய்க்குப் போனால் 1,350. மீதி 22.5 கிலோ கழிவு ஆறு ரூபாய்க்குப் போனால் 135. மொத்தம் 1,485. ஐந்து ரூபாய் கூடக் கிடைக்கும் என்று நினைத்த இடத்தில் பதினைந்து ரூபாய் குறைந்திருக்கிறது. உறைக்கும் சீப்பு கழித்ததற்கும் ஆன கூலியை இன்னும் சேர்க்கவில்லை. தேர்ச்சி 75லிருந்து 90 சதவீதமாக ஏறினால் அதே விலையில் 1,674 ரூபாய். ஆக, கிலோவுக்கு என்ன விலை என்பதைவிட எத்தனை சதவீதம் தேறும், கழிவை யார் என்ன விலைக்கு எடுப்பார் என்ற இரண்டும்தான் உங்கள் வருமானத்தைத் தீர்மானிக்கின்றன.

நாசிக் அருகே மோகாடியில் விலாஸ் ஷிண்டே முன்னின்று உருவாக்கிய சஹ்யாத்ரி ஃபார்ம்ஸ் என்ற உழவர் நிறுவனம் இவ்வளவு தூரம் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்றுமதிக்கு ஆகாததைக் கூழாகவும் சாறாகவும் மாற்றும் ஆலையை அவர்களே வைத்திருக்கிறார்கள். 2022ல் ஐரோப்பிய முதலீட்டாளர்களிடமிருந்து 310 கோடி ரூபாய் திரட்டினார்கள். உங்கள் குழு ஆலை கட்ட வேண்டியதில்லை. சிப்ஸ் போடுபவரோடும் பக்கத்து நகரத்துப் பழ மண்டியோடும் கழிவுக்கு முன்கூட்டியே விலை பேசி வைத்தாலே போதும்.

ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று சொல்லும் விஷயம் அறுவடை நாள். சந்தை இறங்கினால் வாங்குபவர் ‘நாளை வருகிறோம்’ என்று இழுப்பார். வாழை காத்திருக்காது. பத்து நாள் இழுத்தால் காய் முதிர்ந்து ஏற்றுமதிக்கு ஆகாமல் போகும், பிறகு அவர் சொல்வதே விலை. குறித்த நாளிலிருந்து மூன்று நாளுக்குள் வெட்டாவிட்டால் முன்பணம் விவசாயிக்கே, காயை வேறு யாருக்கும் விற்கலாம் என்று எழுதுங்கள். தரம் எங்கே தீர்மானிக்கப்படும் என்பதையும் எழுதுங்கள். தோட்டத்திலோ பேக்கிங் கூடத்திலோ இரு தரப்பும் நின்று பிரிப்பதோடு அது முடிய வேண்டும், துபாயில் பெட்டி திறந்த பிறகு இங்கே கழிக்கக் கூடாது. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, பெட்டிச் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில், இவையும் வேண்டும். தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று 2019லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஒப்பந்தத்தை அதன்படி பதிவு செய்யச் சொன்னதும் முகம் மாறும் வியாபாரியை அப்போதே விட்டுவிடலாம்.

குழு பக்கத்திலும் ஒரு பலவீனம் உண்டு. உள்ளூர் விலை திடீரென ஏறும் வாரத்தில் உறுப்பினர்கள் வெளியே விற்றுவிடுவார்கள், கண்டெய்னர் பாதியில் நிற்கும். இதற்குச் சத்தியம் வாங்கிப் பயனில்லை. முந்தைய வார மண்டிச் சராசரியோடு இத்தனை ரூபாய் கூடுதல் என்று விலையை நகரும்படி வையுங்கள். விளைச்சலில் எழுபது சதவீதத்துக்கு மட்டும் கட்டாயம் வையுங்கள், மீதி அவரவர் விருப்பம். மனிதர்களால் கடைப்பிடிக்க முடிகிற விதிதான் நிற்கும்.

பிற்பாடு நேரடியாக அனுப்பும் நிலைக்கு வந்தால், ‘விற்றுத் தருகிறோம், விற்றதும் பணம்’ என்ற முறையில் ஒருபோதும் தொடங்காதீர்கள். துபாயின் அல் அவீர் பழச் சந்தையில் உங்கள் காய் என்ன விலைக்குப் போனது என்பதை இங்கிருந்து பார்க்க முடியாது. நிலையான விலை, ஏற்றும்போதே மூன்றில் ஒரு பங்காவது முன்பணம், மீதிப் பணம் கட்டினால்தான் சரக்கு ஆவணத்தை வங்கி கொடுக்கும் முறை, மேலே இசிஜிசி (வாங்குபவர் பணம் தராமல் போனால் ஈடு தரும் அரசு நிறுவனம்) காப்பீடு. காகிதங்கள் பெரிய கஷ்டமில்லை: அபெடா (வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம்) பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும், பூச்சி, நோய் இல்லை என்ற தாவர நலச் சான்றைத் தூத்துக்குடி தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் பெறலாம், சுங்க வேலையை முகவர் பார்ப்பார். ஐஇசி விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் தளத்தில் உறுதி செய்யாவிட்டால் எண் முடங்கும், பலருக்கு அது கப்பல் ஏறும் நாளில்தான் தெரிகிறது.

உங்கள் இரண்டு ஏக்கருக்கு நான் சொல்லும் வரிசை: இந்தப் போகத்தில் ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கும் ஏற்றுமதியாளர் ஒருவருக்குத் தோட்ட விலைக்குக் கொடுங்கள். ஆனால் உறை, நாடா, மருந்துக் குறிப்பேடு மூன்றையும் நீங்களே செய்து, எத்தனை சதவீதம் தேறியது, எதனால் கழிந்தது என்று ஒவ்வொரு வெட்டுக்கும் எழுதி வையுங்கள். அடுத்த போகத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் பத்துப் பேர் சேருங்கள். உழவர் உற்பத்தியாளர் கம்பெனி தொடங்கக் குறைந்தது பத்து உற்பத்தியாளர் போதும். 2020ல் அறிவித்த மத்தியத் திட்டம் உதவிக்குச் சமவெளியில் 300 உறுப்பினர் கேட்டது, அதனால் அருகில் இயங்கும் கம்பெனி ஒன்றில் வாழைப் பிரிவாகச் சேர்வது பல இடங்களில் சுலபம். பேக்கிங் கூடம் கட்டாதீர்கள். மாவட்ட வேளாண் வணிகத் துணை இயக்குநர் அலுவலகத்தில், வாடகைக்குக் கிடைக்கும் குளிர்கூடம் எது என்று முதலில் கேளுங்கள். வாரம் ஒரு கண்டெய்னர் ஓராண்டு தவறாமல் போன பிறகு கட்ட நினைத்தால், வேளாண் உள்கட்டமைப்பு நிதியில் இரண்டு கோடி வரையான கடனுக்கு ஏழு ஆண்டுக்குத் தந்துவந்த மூன்று சதவீத வட்டிச் சலுகை அப்போதும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கன்றுக்கு முன்பதிவு இரண்டு மூன்று மாதம் முன்னதாகச் செய்ய வேண்டியிருக்கும். அதனால் அந்தப் பத்துப் பேரின் முதல் கூட்டத்துக்கு வருபவர்கள் கொண்டுவர வேண்டியது மூன்று விவரம்: நிலத்தின் அளவு, கோடையில் கிணற்றில் எத்தனை மணி நேரம் தண்ணீர் ஓடும், இப்போது நிற்கும் மரத்தின் நடவுத் தேதி. அதை ஒரு தாளில் மாதவாரியாக எழுதிப் பார்த்து, எந்த மாதம் காலியாக இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு கன்றுக்குப் பணம் கட்டுங்கள்.